நான் ‘வாங்க’ சொல்லாத சுபேதார்

சங்கரன் சாப்பாட்டுக்கு வரும் நேரமில்லை அது. பஸ்ஸைத் தென்காசியில் விட்டுவிட்டு, கண்டக்டர் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் முற்றத்தில் வந்து நின்றான். நான் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். சாரல் விழுந்துகொண்டே இருந்தது.

“யம்மா, சுபேதார் போயிட்டாராம்,” என்றான்.

“எங்க போயிட்டாரு?” என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். அந்த மனிதரைப் பற்றி என் வீட்டில் பேச்சு எடுத்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அன்றைக்கு அவனே வந்து சொல்லிவிட்டு, சொன்ன வாயைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பஸ்ஸுக்குப் போய்விட்டான். நான் புடைக்கிறதை நிறுத்தவில்லை. உமி எல்லாம் போன பிறகும் புடைத்துக்கொண்டிருந்தேன்.

தென்காசியில் பழைய பட்டாளத்துக்காரர்கள் சேர்ந்து சுபேதார் சுடலைமுத்துவுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மலர் ஒன்று போடப்போகிறோம், ஆச்சியும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எனக்கு மறதி கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் பேசிய பெரிய மனிதர் ஒருவர், சுபேதார் பயம் என்றால் என்னவென்று அறியாதவர், சிங்கம்போல முன்னால் பாய்கிறவர், படை நடத்துகிறவனுக்கு அதுதான் இலக்கணம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். உங்களில் அவரோடு இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். ஒருவர்கூட எழுந்து இல்லை என்று சொல்லவில்லை. அதையும் நான் மறக்கப்போவதில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு முதலில் தெரிந்தது குற்றாலத்தில். மூத்தவன் செல்லையாவுக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. சீசனுக்கு வண்டி கட்டிக்கொண்டு பேரருவிக்குப் போயிருந்தோம். சுபேதாரும் எங்கள் குத்துக்கல்வலசைக்காரர்தான். லீவில் வந்தவர், வெறும் கோவணத்தோடு பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அருவியின் நிறம் மாறியது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண்ணாக விழுந்தது. அதோடு கட்டையும் இலையும் வந்தன. ஆண்களும் பெண்களும் கூச்சல் போட்டுக்கொண்டு ஒரே படிக்கு ஓடினார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஓடாதீர்கள் என்று எத்தனையோ பேர் கத்தினார்கள். கத்தியவர்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சுபேதார் எழுந்து பாறையில் நின்றார். உடம்பெல்லாம் எண்ணெய் வழிந்தது. கூட்டத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஏ, பச்சைச் சீலை! ஒனக்கு இடப்பக்கம் நிக்கிற பிள்ளையத் தூக்கு. தூக்கிட்டியா? என்னையே பாத்து வா. கீழ பாக்காத.”

“மொட்டைத்தலை அண்ணாச்சி, நீங்க அந்தக் கம்பியப் பிடிச்சிட்டு அங்கனயே நில்லுங்க. நீங்க நகந்தா பின்னால உள்ளவங்க விழுந்துருவாங்க. நிப்பீங்கல்லா?”

“நிக்கேன்,” என்றார் மொட்டைத்தலைக்காரர். அதுவரை அலறிக்கொண்டிருந்த ஆள்தான் அவர்.

அந்தப் பச்சைச் சீலை நான். என் புருஷன்கூட என்னை அப்படி அதட்டியதில்லை. யார் பெற்ற பிள்ளையோ, தூக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடியே கரையேறினேன். ஒவ்வொருவராகப் பெயர் தெரியாமலே கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைச் சொல்லி, படி காலியாகும்வரை அவர் பாறையை விட்டு இறங்கவில்லை. பிறகு பார்த்தால் அவர் அவிழ்த்து வைத்த வேட்டியும் சட்டையும் வெள்ளத்தோடு போயிருந்தன. எண்ணெய் தேய்க்கிறவனிடம் அழுக்குத் துண்டு ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பெண்சாதி வாய்விட்டுச் சிரித்தாள். “ஊரையே கரையேத்தினாரு, அவரு வேட்டிய ஆத்தோட விட்டுட்டாரு. இந்தக் கோலத்துல ஒங்க பட்டாளம் பாத்தா சலூட் அடிக்குமா?”

“துணியப் பாத்து எவனும் அடிக்க மாட்டான்ட்டி,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அதட்டிட்டேன்னு நெனைக்காதீங்க தங்கச்சி. கூட்டத்துக்குச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்தவனுக்குச் சொல்லுதான்னு நெனைச்சுக்கிடுவாங்க. ஒருத்தருக்குச் சொல்லணும்,” என்றார். “ஒங்களுக்குப் பயமா இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “கால் நடுங்குதே, தெரியலையா? எண்ணெய் மினுமினுப்புல மறைஞ்சிட்டு,” என்று சிரித்தார். “பயமில்லாதவன் பின்னால போயிராதீங்க. அவன் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போயிருவான்.”

பெரிய மனிதருக்கு இது தெரியட்டும்.

திரும்பும்போது வண்டியில் செல்லையா, “யம்மா, நான் அவருக்குக் கீழதான் சேரப்போறேன்,” என்றான். அருவிக்கு அன்றைக்குப் போனதுதான். அதற்குப் பிறகு நான் போகவில்லை. எல்லாரும் சாரல் சாரல் என்று சந்தோஷப்படுவார்கள். எனக்கு அந்தக் காற்று அடித்தாலே உடம்பு அலுத்துப்போகும்.

செல்லையா சொன்னபடியே சேர்ந்தான். சுபேதார் லீவில் வந்தால், அவருக்குக் கீழே இருந்த இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போவார். சுரண்டைவரை போவார். எங்கள் வீட்டுக்கு வந்தால், உடைந்து கவிழ்ந்து கிடக்கிற பழைய உரலில்தான் உட்காருவார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். கூரையைப் பார்ப்பார், மாட்டைப் பார்ப்பார், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று எட்டிப் பார்ப்பார். வேவு பார்க்க வந்திருக்கிறாரோ என்று எனக்கு முதலில் எரிச்சல்.

“அங்கன போயி ஒங்க மவன்கிட்டச் சொல்லணும்லா. கூரைக்குப் புது ஓலை போட்டாச்சுன்னு தெரிஞ்சா அவன் நிம்மதியா நிப்பான். ஒழுகுற வீட்டை நெனைச்சிட்டு ஒருத்தன் காவல் நிக்க முடியாது,” என்றார்.

அப்போதெல்லாம் நான் வாய் நிறைய “வாங்க அண்ணாச்சி” என்று கூப்பிட்டிருக்கிறேன். மோர் கொடுத்திருக்கிறேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

சீனாக்காரன் சண்டை வந்தது. தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. பனிமலையில் எங்கேயோ கிடக்கிறான். வீட்டில் இருந்த அவன் சட்டை ஒன்றை வைத்துக் காரியம் செய்தோம். சட்டைக்குக் கொள்ளி வைத்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருமாதி முடிந்தும் அங்கே துட்டி, அந்தச் சாவுத் துக்கம், முடியவில்லை.

அவனோடு இருந்த சுரண்டைப் பரமசிவன் முதலில் வந்தான். ஒப்பாரி முடியும்வரை நின்றுவிட்டு, “ஆச்சி, செல்லையா அவனாத்தான் நான் நிக்கேன்னு சொன்னான். நீங்க எல்லாம் போங்கலே, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னான்,” என்றான். நான் அதை நம்பினேன். வயிற்றில் பால் வார்த்ததுபோலக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் சுபேதார் வந்தார். பனியில் கருகிய கால் விரல்களை வெட்டி எடுத்திருந்தார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் துட்டி கேட்க வருகிறவர்களை ‘வாங்க’ என்று கூப்பிடுவது கிடையாது. வந்தவர்களும் எழுந்து போகும்போது ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லக் கூடாது. பேசாமல் போய்விட வேண்டும். அந்தக் காரியத்துக்காக அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை வர வேண்டாம் என்று அர்த்தம். அவர் வந்தார், நான் கூப்பிடவில்லை. உரலில் உட்கார்ந்தார்.

“பரமசிவன் சொன்னான்,” என்றேன். “அவனா நின்னானாம்.”

சுபேதார் தலையை ஆட்டினார். “இல்ல தங்கச்சி. அவனா கேட்டு நிக்கலை. மத்தவங்க எறங்குததுக்கு ஒருத்தன் மேல இருந்து சுட்டுக்கிட்டே இருக்கணும். நான்தான் அவன நிப்பாட்டினேன்.”

கூடியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து பேசாமல் போனார். பரமசிவன் சொன்ன பொய்யை அவரும் சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருக்கும். நானும் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பட்டாளத்திலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தென்காசியில் வீடு பார்த்துக் குடிவந்தார். அங்கிருந்து கம்பை ஊன்றி நடந்து அடிக்கடி என் வீட்டுக்கு வருவார். நான் ஒரு தடவைகூட ‘வாங்க’ என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கு என் வீட்டில் துட்டி முடிந்திருக்கலாம். அவருக்கு முடியவில்லை. அவருக்கும் அது தெரியும். உரலில் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பார், பிறகு எழுந்து, போயிட்டு வாறேன் என்று சொல்லாமலே போவார்.

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள்: “ஏட்டி இசக்கி, நொண்டிக்கிட்டு வாற மனுசன வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்தா போயிரும்?”

“வெந்துதான் போவும். நீ வேணும்னா ஒன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒக்கார வையி,” என்றேன்.

பாகிஸ்தான்காரனோடு சண்டை வந்த வருஷம், தென்காசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். சங்கரன் போவேன் என்று நின்றான். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், அசையவில்லை. சுபேதார் ஒரு வார்த்தை சொன்னால் ஆள் எடுக்கிறவர்கள் கேட்பார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் தென்காசிக்குப் போனேன். சங்கரன் இதைப் படிப்பான். படிக்கட்டும். போனவள் நான்தான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அவர் பெண்சாதி “வாங்க மைனி, வாங்க” என்று ஓடிவந்தாள். நான் உட்காரவில்லை.

“சங்கரன நிப்பாட்டணும்,” என்றேன்.

“உக்காருங்க தங்கச்சி.”

“உக்கார வரலை. மொதல்ல ஒண்ணு கேக்கேன். அத்தன பேரு இருந்தானுவளே, சுரண்டைக்காரன் இருந்தான், எந்தெந்த ஊர்க்காரனோ இருந்தான். எம்மவன்தான் உமக்குக் கண்ணுல தெரிஞ்சானா?”

அதற்கு முன் அவரை ‘நீரு’ போட்டு நான் பேசியதில்லை. அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அவன் கை பதறாது. அது ஒண்ணு. இன்னொண்ணு, அவன் என் ஊர்க்காரன்னு எல்லாருக்கும் தெரியும். அவன எறக்கிவிட்டுட்டு வேத்தூர்க்காரன நில்லுன்னு சொன்னா, அவன் நிக்க மாட்டான். நிக்கவும் கூடாது. ஒருத்தரும் எறங்கி வந்திருக்க மாட்டோம்.”

“உமக்குப் பெறந்தவனா இருந்தா நிப்பாட்டியிருப்பீரா?”

உள்ளே அவர் பெண்சாதி பாத்திரத்தை வைக்கிற சத்தம் நின்றுபோயிற்று. அவருக்குப் பெண் மக்கள்தான்.

“தெரியலை தங்கச்சி. நிப்பாட்டியிருப்பேன்னு சொன்னா அது பொய். மாட்டேன்னு சொன்னாலும் பொய். நானும் அதத்தான் தெனமும் கேட்டுப் பாக்கேன்.”

பிறகு சங்கரன் விஷயத்துக்கு வந்தார். “நாளைக்கு வாறேன். அவன்கிட்டப் பேசுதேன். ஆனா ஒண்ணு, பொய் சொல்லி அவன நிப்பாட்ட மாட்டேன். போகவேண்டிய ஆளா இருந்தா, நீங்க என் காலப் பிடிச்சாலும் அனுப்பிருவேன்.”

மறுநாள் வந்தார். வழக்கம்போல நான் கூப்பிடவில்லை. அவர் உரலில் உட்கார்ந்தார். சங்கரன் விறைப்பாக முன்னால் நின்றான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை நல்ல பதிலாகச் சொல்லிவிடக் கூடாதே என்று நின்றேன். பெற்றவள் எவளாவது அப்படி நிற்பாளா? நான் நின்றேன்.

“எதுக்குலே போறே?” என்றார் சுபேதார்.

“அண்ணன் பேரைக் காப்பாத்த.”

“அவன் பேரு நல்லாத்தான் இருக்கு. நீ காப்பாத்த ஒண்ணுமில்ல. வேற?”

சங்கரனுக்கு முகம் சிவந்தது. “பழி வாங்கத்தான். எவனா இருந்தா என்ன, எதிர்ல நிக்கிறவன் எல்லாம் எனக்கு ஒண்ணுதான்.”

சுபேதார் பெருமூச்சு விட்டார். “பழி வாங்க வாறவன் சொன்ன எடத்துல நிக்க மாட்டான்லே. கோவம் வந்தா முன்னால ஓடுவான். அவன இழுத்துட்டு வர இன்னொருத்தன் ஓடுவான். ரெண்டு பேரும் திரும்ப மாட்டானுவ. நீ வேண்டாம்.”

“வேண்டாம்னு சொல்ல நீரு யாரு? என் அண்ணனக் கொன்ன ஆளுதான?”

“ஆமா,” என்றார் அவர். “அதனாலதான் சொல்லுதேன்.”

ஆள் எடுக்கிறவர்களிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சங்கரன் வீட்டுக்கு வந்து பானையை உடைத்தான். அவரைத் தெருவில் நிறுத்தி, கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டான். ஒன் அம்மாதான் வந்து கெஞ்சினாள் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அவன் கோபம் என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. அவ்வளவையும் நின்று வாங்கிக்கொண்டு கம்பை ஊன்றிப் போனார். இந்த வீட்டில் இரண்டு பேருடைய கோபத்தையும் அவர்தான் சுமந்தார். சங்கரன் பஸ்ஸில் சேர்ந்தான், கல்யாணம் முடித்தான், பிள்ளை பெற்றான். நான் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறேன்.

அதற்காக அவரை நான் ‘வாங்க’ என்று கூப்பிட்டேனா? இல்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார் என்பதால் இன்னொரு பிள்ளை திரும்பி வந்துவிடுவானா?

கடைசியாக அவர் வந்தது இந்தச் சித்திரையில். நடை மிகவும் தளர்ந்திருந்தது. எங்கள் இருவருக்குமே வயதாகிவிட்டது. எனக்குக் கோபம் இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பில்லை. உரலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“தங்கச்சி, ஒண்ணு மட்டும் ஒங்ககிட்ட நான் சொல்லாம வச்சிருக்கேன். நில்லுலே செல்லையான்னு சொன்னேன்லா. அவன் சரின்னான். அப்புறம், நாங்க எறங்கத் திரும்பும்போது, ‘போயிட்டு வாங்க அண்ணாச்சி’ன்னான். லீவுக்கு அனுப்புத மாதிரி.”

“இத்தன வருசமா ஏன் சொல்லலை?”

“இதைச் சொன்னா நீங்க என்னை மன்னிச்சாலும் மன்னிச்சிருவீங்க. செத்த பிள்ளையோட வார்த்தைய முன்னால நீட்டி மன்னிப்பு வாங்குனா அவன இன்னொரு தடவ முன்னால நிப்பாட்டுன மாதிரில்லா. இப்பம் எனக்கு ஒடம்பு சரியில்ல. நான் கொண்டுட்டுப் போயிட்டா ஒங்களுக்குச் சேர வேண்டியது சேராது.” கொஞ்சம் பொறுத்து, “அந்த மலைக்குத் திரும்பப் போக முடியலை. அதான் இங்கன வந்துகிட்டு இருந்தேன்,” என்றார்.

எழுந்தார். கம்பை ஊன்றி வாசல்வரை போய்த் திரும்பினார். “போயிட்டு வாறேன் தங்கச்சி,” என்றார்.

அந்தச் சொல்லை இந்த வீட்டில் அவர் சொல்வதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. என் துட்டியை நான் முடிக்கவில்லை என்று அவர் முடித்துவைத்துவிட்டுப் போனார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. அடுத்த தடவை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

உளுந்தை அப்படியே போட்டுவிட்டுத் தென்காசிக்குப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என்னை யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை, அது துட்டி வீடு. கால்மாட்டில் உட்கார்ந்தேன். விரல் இல்லாத அந்தக் காலை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். எழுந்து பேசாமல் போக வேண்டிய நேரம் வந்தது. எழுந்தேன்.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி,” என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண்கள் பதறிப்போனார்கள். “ஏ மதினி, இங்கன நின்னு என்ன பேச்சு இது!” என்று ஒருத்தி என் கையைப் பிடித்தாள். சுபேதார் பெண்சாதி தலையைத் தூக்கினாள். “விடுட்டி. மைனிக்குத் தெரியும்,” என்றாள்.

படை நடத்துகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு இந்த மலரில் பலர் பலவிதமாக எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தான் சொன்ன சொல்லுக்கு யார் செத்தார்களோ, அவர்கள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார வேண்டும். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் உட்கார வேண்டும். அது முடியாதவன் யாரையும் நில் என்று சொல்லக் கூடாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் மகனுடைய கடைசிச் சொல்லும், உடைந்த அந்த உரலும்தான். முற்றத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, எடுத்துப் போட்டுவிடட்டுமா என்று நேற்று சங்கரன் கேட்டான். கிடக்கட்டும் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மழையில் நனைந்திருந்த உரலைத் தன் துண்டால் துடைத்து, அதில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.